பதினைந்தைப் பிரித்த இயந்திரம்

செங்கம் சாலையில், ஆசிரமத்துக்கு நாலு கட்டடம் தள்ளி, 1997இல் மூன்று கம்ப்யூட்டர்களோடு ஒரு மெயில் சென்டர் வைத்தேன். வந்தவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டார். அந்த ஆகஸ்டில் கீழ்பென்னாத்தூரிலிருந்து அருணாதேவி வந்தாள். சாதி மாறி மாறனைக் கட்டிக்கொண்டு பத்து நாள் ஆகியிருந்தது. அதற்குள் அவள் வீட்டு ஆட்கள் மாறனின் அண்ணன் காலை உடைத்திருந்தார்கள்.

தாங்கள் வைத்துக்கொள்ளப்போகும் புதுப் பெயர்களையும், போகும் ஊரையும் சென்னை வக்கீல் ரேணுகாம்பாளுக்கு மட்டும் தெரிவிக்க வேண்டும் என்றாள். எழுதியதை வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டும் மென்பொருள் ஒன்று, ஒரு ஜெர்மன்காரர் விட்டுப்போனது, என்னிடம் இருந்தது. வக்கீலிடமும் அதே இருந்தது. அவளே தட்டச்சு செய்தாள், நான் திரும்பி நின்றேன். பூட்டிய கடிதத்தை இனி வக்கீல்தான் திறக்க முடியும். பூட்டிக் கொடுத்த என்னாலும் முடியாது.

பிறகு செய்ததுதான் தவறு. தூசியிலும் வெயிலிலும் ஃபிளாப்பி கெட்டுப்போகும் என்று எதையும் இரண்டு பிரதி எடுப்பது என் வழக்கம். அன்றும் எடுத்தேன். வக்கீலிடம் சேர்க்க ஒன்றை அவளிடம் கொடுத்தேன். மற்றதன்மேல் அவள் பெயர், தேதி, ‘நகல்’ என்று முத்துமுத்தாக எழுதி அலமாரியில் அடுக்கினேன்.

மூன்றாம் நாள் அவள் அப்பா சின்னசாமி நாலு பேரோடு வந்தார். அவர்கள் தேடவே வேண்டியிருக்கவில்லை. அலமாரியில் எழுதியிருந்ததைப் படித்தாலே போதும்.

திறக்கச் சொன்னார். முடியாது என்றதை நம்பவில்லை. பயத்தில் எல்லாவற்றையும் விளக்கினேன். இரண்டு பெரிய எண்களைப் பெருக்கி வந்த எண்தான் இந்தப் பூட்டு. அதைத் திரும்பப் பிரிக்க உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் சேர்ந்தாலும் நம் ஆயுள் போதாது. அதோடு நிறுத்தியிருக்கலாம். பத்திரிகையில் படித்ததையும் சொன்னேன். அணுக்களை வைத்துக் கணக்குப் போடும் குவாண்டம் கம்ப்யூட்டர் என்று ஒன்று வந்தால் முடியும். வழிமுறையை மூன்று வருடம் முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள், இயந்திரம்தான் இல்லை.

“அது எப்ப வரும் சார்?”

சொல்ல முடியாது என்றேன்.

“செரி, வரட்டும்” என்று ஃபிளாப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அதன்பின் ஒவ்வொரு தையிலும், வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வேலையை முடித்துக்கொண்டு வந்துவிடுவார். டீ வாங்கிக் கொடுப்பேன். இயந்திரம் வந்துவிட்டதா என்று மரியாதையாகத்தான் கேட்பார். இரண்டே இரண்டு அணுக்களை வைத்து ஏதோ செய்து பார்த்திருக்கிறார்கள் என்று 1999இல் சொன்னேன். “எங்க ஏர்லகூட ரெண்டு மாடு இருக்குதே” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். 2001இல் ஏழு என்றேன். அவர் சிரிக்கவில்லை.

2002 தையில் ஒரு பேப்பர் துண்டோடு வந்தார். அமெரிக்காவில் அப்படி ஒரு இயந்திரம் பதினைந்தை மூன்று, ஐந்து என்று பிரித்துவிட்டதாம்.

ஒண்ணாங்கிளாஸ் தாண்டிய பிள்ளை செய்கிற கணக்கு அது என்றேன். நம் பூட்டின் எண்ணில் முந்நூறு இலக்கம் இருக்கிறது, அங்கே போய்ச் சேர எத்தனையோ காலம் ஆகும் என்றேன்.

“ஆவட்டும் சார். ஃபிளாப்பி கெட்டுப்பூடும்னு நீங்கதான சொன்னீங்க? அஞ்சு காப்பி எடுத்து வெச்சிருக்கேன்.” டீயை உறிஞ்சிவிட்டுத் தொடர்ந்தார். “எனக்கு வயசு ஜாஸ்தி ஆயிட்ச்சு. சின்னவனுக்குப் பத்தொம்போதுதான். பிசிக்ஸ்ல சேத்து உட்டுட்டேன்.”

அன்றே ரேணுகாம்பாளுக்கு எழுதினேன். நடந்ததைத் தேதிவாரியாகச் சொல்லி, என் நகலால் வந்த வினை என்பதையும் மறைக்காமல், அருணாதேவியும் மாறனும் பெயரையும் ஊரையும் மறுபடி மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

பத்து நாளில் பதில் வந்தது. அவர்களுக்கு மூன்று வயதில் ஒரு பெண் இருக்கிறாள். வேலை, வீடு, ரேஷன் கார்டு, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அந்தப் பெயர்களில்தான் இருக்கின்றன. அந்தப் பூட்டு உடைய இன்னும் எத்தனை வருடம் இருக்கிறது என்று உறுதியாகச் சொன்னால் அதைப் பார்த்து முடிவெடுப்பார்கள் என்று வக்கீல் எழுதியிருந்தார்.

தெரிந்ததை எல்லாம் படித்துப் பார்த்தேன். இயந்திரத்தைச் செய்கிறவர்களே ஆளுக்கொரு கணக்கு சொன்னார்கள். முப்பது வருடம் என்று எழுதினேன். முப்பது வருடம் கழித்துச் சின்னசாமியின் மகனுக்கு நாற்பத்தொன்பது வயதுதான் ஆகும்.

அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறொன்றை எடுத்தேன். “வருடம் தெரியவில்லை அம்மா. இப்போதே மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். குழந்தை பெயரையும் சேர்த்து” என்று எழுதினேன். அந்தக் கடிதத்துக்கு மட்டும் நகல் வைக்கவில்லை.