பத்து விநாடிக்கு ஓர் அறை

நூம்பலுக்கு மேற்கே புதிதாகக் கட்டிய ராணுவ ரேடார் நிலையத்தில், வேலை தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து, ஆன்டெனா ஒருமுறை சுற்றி வரும்போதெல்லாம் ஒன்பது பேருக்குக் கன்னத்தில் அறை விழுந்தது. ஆன்டெனா நிமிடத்துக்கு ஆறு முறை சுற்றும். அடிக்கும் கை யார் கண்ணுக்கும் தெரியவில்லை. இடது கன்னத்தில் விரல் தடமும் தாடையோரம் வளையல் கீறிய கோடும் மட்டும் இருந்தன. முதல் வாரத்தில் பதினோரு பற்கள் விழுந்தன. ஹவில்தார் ராகவனுக்குத் தாடை எலும்பு விரிசல் கண்டது. டாக்டர் களிம்பு கொடுத்தார், மெக்கானிக்குகள் மோட்டாரை மாற்றினார்கள். ஆன்டெனாவை நிறுத்தினால் அறை நின்றது, ஆனால் வானம் தெரியாமல் போனது. மேலிடம் அதற்கு ஒப்பவில்லை.

ஒன்பது பேருக்கும் காரணம் தெரியும். இரண்டாம் நாள் காலை, வேலப்பன்சாவடி மண்டபங்களில் கல்யாண வீடியோ எடுக்கும் கோகுல்நாத்தின் ட்ரோன் காற்றில் ஒதுங்கி நிலையத்துக்குள் விழுந்தது. அதை எடுக்க அவன் சுவரேறிக் குதித்தான். "கல்யாண ட்ரோன் சார், மண்டபத்துல பொண்ணு மாப்ள காத்துகினு கீறாங்க, எட்த்துகினு போய்டறேன் சார்" என்று கும்பிட்டான். ராகவன் துப்பாக்கிக் கட்டையால் அவன் வாயில் இடித்தார். பிறகு எல்லோரும் அடித்தார்கள். ரேடார் திரை பார்க்கும் திருமுருகன், போடியிலிருந்து வந்த இருபத்துநாலு வயதுக்காரன், கோகுல்நாத்தின் கால்களைப் பிடித்துக்கொண்டான். உதறல் நின்ற பின்னும் சற்று நேரம் விடாமல் பிடித்திருந்தான். சுவரிலிருந்து தவறி விழுந்து செத்ததாக எழுதி, ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

பன்னிரண்டாம் நாள் திருமுருகனுக்கு இடது காது செவிடாயிற்று. விடுப்பு சொல்லிவிட்டு, கோகுல்நாத்தின் அம்மா வேம்புலியம்மாளைத் தேடிப் போனான். ஷேர் ஆட்டோவிலும் அறை விழுந்தபடி இருந்தது; பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். வேம்புலியம்மாளின் வலது கை முழங்கை வரை வீங்கி, உள்ளங்கையில் கட்டுப் போட்டிருந்தது.

"இன்னாத்துக்கு வீங்குதுன்னு டாக்டருக்கே தெர்ல. நீ யாரு நைனா?"

"ஒங்க மகன் சுவத்துல இருந்து விழுகலம்மா. நாங்கதான் அடிச்சோம். நான் காலப் பிடிச்சிருந்தேன்."

அந்தக் கையாலேயே அவனை அறைந்தாள். அவள் மூச்சிரைத்து நிற்கும் வரை, மூக்கிலிருந்து ரத்தம் சட்டையில் வடியும் வரை, அவன் முகத்தைத் திருப்பவில்லை.

"எங்கைல சொன்னா ஆச்சா? போலீசாண்ட சொல்லு. நானும் வர்றேன்."

போலீஸ் நிலையத்தில் நான்கு பக்கம் வாக்குமூலம் கொடுத்தான். கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட்டதும் அவனுக்கு அறை நின்றது. ஒன்பது பேரும் சிறைக்குப் போனார்கள். ஒரு மாதத்துக்குள் மூன்று பேர் ஒப்புக்கொண்டார்கள். அவர்களுக்கும் நின்றது, வேம்புலியம்மாளின் கையில் வீக்கம் பாதி வடிந்தது. ராகவனும் மற்ற நால்வரும் இன்றுவரை மறுக்கிறார்கள். வார்டர்கள் இப்போது சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்ப்பதில்லை. இரண்டு அறைகளுக்கு நடுவே ஒரு கவளம் சோற்றை மென்று விழுங்கிவிட ஐந்து பேரும் பழகிக்கொண்டார்கள்.