லேசுத் தண்ணீரில் ஊறிய சிரிப்பு

எபோலா வார்டில் நாலாம் படுக்கைக்காரர் சிரித்தால், அந்தச் சிரிப்பு எலுமிச்சம்பழ அளவில் மஞ்சளாகத் திரண்டு, மிதந்து, வேலியை நோக்கிக் கிளம்பிவிடும். செவ்வாய்க்கிழமை மூன்று, புதன்கிழமை ஐந்து. அவற்றை வலை போட்டுப் பிடிப்பது தொற்றுத் தடுப்பு நர்ஸின் வேலையானது. உள்ளேயிருந்து எதுவும் குளோரின் தண்ணீரில் நனையாமல் வெளியே போகக் கூடாதென்பது அவர் சட்டம். நோயாளிக் குறிப்பைக்கூட வேலிக்கு உள்பக்கம் நின்று வெளியே இருப்பவர் எழுதிக்கொள்ள உரக்க வாசித்துவிட்டு, காகிதத்தை எரிக்கிறவர். எல்லோருக்கும் அவர் குளோரின் அக்கா. நாலாம் படுக்கையில் கிடந்ததோ அவருடைய கூடப்பிறந்த தம்பி, காய்ச்சல்காரர் ஒருவருக்குச் சவரம் செய்யப்போய் காய்ச்சலையே கூலியாக வாங்கி வந்த முடிதிருத்துபவர். "ஆள் தெரியணும்னு கவச உடுப்பு நெஞ்சுல பேரை எழுதி வச்சிருக்கியே அக்கா, அந்த முகமூடியில ஒரு சிரிப்பையும் வரைஞ்சிருக்கலாம்ல?" என்று கேட்டுத் தானே சிரித்து, அக்காவுக்கு இன்னொரு வேலை வைப்பார்.

சிரிப்பில் ஏது கிருமி, விட்டுவிடலாம் என்றார் டாக்டர். "சிரிச்சா எச்சில் தெறிக்காதா டாக்டர்? உங்க எதிர்ல உக்காந்து நான் சாப்பிட்டிருக்கேன்" என்றார் அக்கா. அகப்பட்ட சிரிப்பெல்லாம் குளோரின் வாளிக்குள் போனது. போனதெல்லாம் நனைந்த பட்டாசாகப் புஸ்ஸென்று அணைந்தது. வேலிக்கு அப்பால், இரண்டு மீட்டர் தள்ளிப் போட்ட நாற்காலியில் தம்பி மனைவி ஆறு நாளாக உட்கார்ந்திருந்தாள். ஒரு சிரிப்புகூட வந்து சேராததால், புருஷன் செத்துப்போனதை மறைக்கிறார்கள் என்று முடிவுகட்டி, பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்தாள். அது காதில் விழுந்ததும் தம்பியும் உப்புச்சர்க்கரைத் தண்ணீரைத் தள்ளிவிட்டார். இப்படியே குடிக்காமலிருந்தால் நாளைக்கு நான் பொறுப்பில்லை என்றார் டாக்டர். வியாழக்கிழமை வந்தது ஒரே சிரிப்பு, அதுவும் மிளகளவு.

அதை வலையில் வைத்துக்கொண்டு அக்கா நின்றார். நனைத்தால் அணையும், நனைக்காமல் விட்டால் சட்டம் போகும், சட்டத்தோடு யார் யார் போவார்களோ. முகத்தைத் தொடக் கூடாதென்பதும் அவர் சட்டமே, ஆகவே கண்ணீர் கண்ணாடிக்குள்ளேயே தேங்கியது. வாளி நிரப்புகிறவர் மெல்லக் கனைத்தார்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. கையுறைக்குக் குளோரின் அதிகமா கலந்த கெட்டித் தண்ணி, வெறுங்கைக்குக் கொஞ்சமா கலந்த லேசுத் தண்ணின்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க. அது என்ன கையுறையா போட்டிருக்கு?"

தலையில் அடித்துக்கொள்ள எழுந்த அக்காவின் கை, சட்டம் நினைவுக்கு வந்து பாதியில் நின்றது. லேசுத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறிய மிளகு, மேலே வந்து ஒரு தும்மல் போட்டு, வேலி தாண்டிப் போய் தம்பி மனைவியின் காதோரம் வெடித்தது. அவள் நாற்காலியோடு சரிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அண்ணி, அவர் சிரிப்பேதான்! ஆனா கக்கூஸ் கழுவின வாசம் அடிக்குது!" அந்தக் கூச்சலைக் கேட்ட நாலாம் படுக்கை எழுந்து உட்கார்ந்து, இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, தேங்காய் அளவில் ஒன்றை விட்டது. அந்த வாரமே மற்ற படுக்கைகளும் இப்படிச் சிரிக்கப் பழகிக்கொண்டன. பக்கத்துப் படுக்கைக்காரரின் சிரிப்பு சதுரமாக இருந்ததை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

பத்தொன்பதாம் நாள், இரண்டு முறை சோதித்தும் ரத்தத்தில் கிருமி இல்லையென்று வந்து, தம்பி குளித்துப் புதுச்சட்டையோடு வெளியே வந்தார். மனைவியைக் கட்டிக்கொண்டு பூசணிக்காய் அளவில் சிரித்தார். அன்றைக்கு வார்டைச் சோதிக்க வந்திருந்த அதிகாரி, பேனாவால் அதைச் சுட்டிக்காட்டி, "இது ஊறினதா?" என்றார். "தேவையில்ல சார்" என்றார் குளோரின் அக்கா, வாழ்க்கையில் முதல் தடவையாக. அதிகாரி தலையாட்டிவிட்டு, சிரிப்பு வாளிக்கு மூடி இல்லை என்று மட்டும் குறித்துக்கொண்டார்.