கதவு திறந்திருந்தபோது

மனு மிக நேர்த்தியாக வந்திருந்தது. பத்திகளுக்கு எண் போட்டு, ஓரம் விட்டு, இணைப்புகளுக்குத் தனிப் பட்டியல் வைத்து, ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாமல். வாகனப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு வரும் மனுக்களில் பாதி கோபத்தில் எழுதியவை. மீதிப் பாதியில் யார், எந்த வண்டி, என்ன நடந்தது என்று தேடிப் பிடிக்கவே அரை நாள் ஓடிவிடும். இதை அனுப்பியவர் நீதிமன்றத்தில் முப்பத்தொரு வருடம் தட்டச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அலுவலகத்தில் முதல் நாளே அவருக்குத் தட்டச்சம்மா என்று பெயர் விழுந்துவிட்டது.

மனு பொறியாளரின் மேசைக்கு வந்தது. அவளுக்கும் அங்கே ஒரு பட்டப்பெயர் உண்டு: ஐஸ்பெட்டி. வண்டியால் அடிபட்டவர்களின் கதைகளைக் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்தரை வரை பதினோரு வருடமாகப் படிக்கிறவள். முதல் வருடம் சில கடிதங்களைப் படித்துவிட்டுக் கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வருவாள். பிறகு அது நின்றுபோனது. எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியாது. பட்டப்பெயரை அவள் காதுபடவே சொல்வார்கள். அவளும் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிப் பார்ப்பாள்.

விஷயம் மூன்றாவது பத்தியில் இருந்தது. மகளுக்கு வயது முப்பத்து நான்கு. வெளியே போய்விட்டுக் கணவனும் மனைவியும் காரில் வீடு திரும்பியிருக்கிறார்கள். மகள் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டாள். மருமகன் காரை ஷெட்டுக்கு முன்னால் இருந்த மேட்டில் ஏற்றி நிறுத்தினார். ஷட்டரைத் தூக்குவதற்காக இறங்கினார். மகள் முதுகைக் காட்டிக் கேட்டை மூடிக்கொண்டிருந்தாள். கார் பின்னால் உருண்டு வந்து அவளைக் கேட்டோடு வைத்து நசுக்கிக் கொன்றுவிட்டது. கியரைப் பார்க்கிங்கில் போட்டுவிட்டுத்தான் இறங்கினேன் என்கிறார் மருமகன். வண்டி பார்க்கிங்கில் இருக்கவில்லை.

ஒன்பதாவது பத்தி இரண்டே வரி. ‘மனுதாரரும் மேற்படி மருமகனும் தொடர்ந்து ஒரே வீட்டில் வசித்து வருகிறார்கள். ஆகவே உண்மை தெரிய வேண்டியது அவசியமாகிறது.’

பொறியாளர் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். பிறகு வேலையைத் தொடங்கினாள்.

ஒரு வண்டியில் குறை இருக்கிறது, விசாரியுங்கள் என்று யார் வேண்டுமானாலும் மனு கொடுக்கலாம். அலுவலகம் நூற்றிருபது நாளுக்குள் விசாரிக்கிறோம் என்றோ, இல்லை என்றோ பதில் சொல்லியாக வேண்டும். விசாரிக்கிறோம் என்றால் வண்டி கெட்டது என்று அர்த்தமில்லை. இல்லை என்றால் வண்டி நல்லது என்றும் அர்த்தமில்லை. கையில் இருக்கும் ஆள்பலத்தை இதில் செலவழித்தால் ஏதாவது தேறுமா என்பதுதான் கேள்வி. இதை வெளியே யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை.

அந்த மாடல் கார் சாலையில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ஓடிக்கொண்டிருந்தது. வந்திருந்த புகார்கள் நானூற்றுப் பன்னிரண்டு. வண்ணம் உரிகிறது, ஏசி நாறுகிறது என்பதையெல்லாம் கழித்தால், நிறுத்திய வண்டி உருண்டது என்று சொன்னவை ஒன்பது. இதே போல் கியர் கம்பிக்குப் பதிலாக வட்டக் குமிழ் வைத்த வேறு இரண்டு கார்களை எடுத்துப் பார்த்தாள். ஒன்றில் ஆறு, இன்னொன்றில் பதினொன்று. பெரிய வித்தியாசம் இல்லை.

கம்பெனி மூன்று தொகுதிகளாகப் பதில் அனுப்பியது. வண்டி முழுசாக நிற்பதற்கு முன்னால் குமிழைத் திருகினால் அது பார்க்கிங்கை ஏற்காது, நியூட்ரலுக்குப் போய்விடும். அப்போது விளக்கு சிமிட்டும், எச்சரிக்கை ஒலி வரும். ஆகவே ஓட்டுநருக்குத் தெரிவிக்கப்படுகிறது என்று முடித்திருந்தார்கள்.

நாற்பத்தேழாவது நாள் அவள் அந்த வீட்டுக்குப் போனாள். புதுக் கேட் போட்டிருந்தார்கள். சுவரில் பழைய கீலின் தடம் அப்படியே இருந்தது. மருமகன் லிஃப்ட் மெக்கானிக். அரை நாள் லீவு போட்டுவிட்டுச் சுவரோரம் நின்றிருந்தார். கார் உறை போட்டு நின்றது. விபத்துக்குப் பிறகு அவர் அதைத் தொடவில்லை. தட்டச்சம்மாவுக்கு ஓட்டத் தெரியாது.

அவள் உறையை நீக்கி, உள்ளே உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, சோதனைத் தாளை மடியில் வைத்தாள். அதே மேட்டில் அறுபது தடவை. வண்டி நின்றபின் திருகிய முப்பது தடவையும் பார்க்கிங் விழுந்தது. நிற்பதற்கு முன் திருகிய முப்பது தடவையும் விழவில்லை; விளக்கு சிமிட்டியது, ஒலி வந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே டிக் அடித்தாள். அந்த ஒன்றரை மணி நேரமும் மாமியாரும் மருமகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் நின்றார்கள்.

அன்றைக்கு நடந்ததை அவரிடம் கேட்டாள். பார்க்கிங்கில் போட்டதாகத்தான் நினைவு என்றார். வண்டி முழுசாக நின்றிருந்ததா என்று கேட்டதற்கு, நின்றிருந்தது என்றுதான் நினைக்கிறேன் என்றார். போலீஸ், இன்சூரன்ஸ், சொந்தக்காரர்கள் என்று எத்தனையோ பேரிடம் சொல்லித் தேய்ந்துபோன பதில். அவளும் அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

கிளம்பும்போது தட்டச்சம்மா கேட் வரை வந்தார்.

“ஒண்ணே ஒண்ணு மேடம். தப்பு அவர் மேலயா, வண்டி மேலயா?”

“அதை நாங்க சொல்றதில்லைம்மா. விசாரணை வேணுமா வேண்டாமான்னு மட்டும்தான் சொல்லுவோம்.”

“கோர்ட்ல இருந்தவ நான், எனக்கு அது புரியுது. ஆனா தினம் ரெண்டு வேளை அவர் எதிர்லதான் உக்காந்து சாப்பிடுறேன். அவரும் வாயத் திறக்க மாட்டேங்கிறார், எனக்கும் கேக்க நாக்கு வரல.”

பொறியாளர் தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

நூற்றுப் பன்னிரண்டாவது நாள் ஐந்து பேர் உட்கார்ந்து இருபது நிமிடத்தில் முடிவெடுத்தார்கள். ஒரு லட்சத்து நாற்பதாயிரத்தில் ஒன்பது; ஓட்டுநரை எச்சரிக்க விளக்கும் ஒலியும் இருக்கின்றன; மனு நிராகரிக்கப்படுகிறது. வாசகத்தை அவள்தான் எழுதினாள். கடைசியில் எப்போதும் சேர்க்கும் வரியைச் சேர்த்தாள். அரசிதழில் வந்த நான்காம் நாள் தொலைபேசி அடித்தது.

தட்டச்சம்மா அந்தக் கடைசி வரியை நிறுத்தி நிறுத்தி வாசித்தார். வண்டியில் குறைபாடு எதுவும் இல்லை என்று இம்முடிவு பொருள்படாது. இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். அதில் எழுதியிருப்பதுதான் அர்த்தம் என்றாள் பொறியாளர்.

“இந்த மாதிரி வரி நானும் நிறைய அடிச்சிருக்கேன்” என்றார் தட்டச்சம்மா. “அப்பல்லாம் கை பாட்டுக்கு அடிச்சிட்டுப் போயிடும்.”

இணைப்பு துண்டிக்கப்பட்டது. பொறியாளர் சாப்பிடப் போனாள். அன்றைக்கு நன்றாகவே சாப்பிட்டாள்.

பத்து நாள் கழித்து, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் மருமகன் அலுவலகத்துக்கு வந்தார். வேலைச் சட்டை, முழங்கையில் கிரீஸ் கறை. பஸ்ஸில் வந்திருந்தார். மூலையில் இருந்த சின்ன அறையில் உட்காரவைத்தாள். தண்ணீர் வேண்டாம் என்றார். நான் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள் என்றார். கோப்பு மூடியாகிவிட்டது என்று அவள் சொன்னாள். பரவாயில்லை, எழுதுங்கள் என்றார்.

“எனக்குச் சத்தம் கேட்டுச்சு மேடம்.”

“என்ன சத்தம்?”

“அந்த எச்சரிக்கைச் சத்தம். கேட்டுட்டுதான் இறங்கினேன். போலீஸ் அதைக் கேக்கல, நானும் சொல்லல. அத்தைகிட்டயும் சொல்லல. நீங்க பேப்பர்ல எழுதியிருக்கீங்க, சத்தம் வரும், ஓட்டுறவனுக்குத் தெரியும்னு. அத்தை அதைப் படிச்சுட்டு என் தட்டுல சாப்பாடு போடுறாங்க. எனக்கு முழுங்க முடியல.”

“கேட்டுட்டு ஏன் இறங்கினீங்க?”

“கதவு திறந்தா எப்பவும் டிங் டிங்னு வருமே, அதுன்னு நினைச்சேன்.”

அவள் எழுதிக்கொண்டிருந்தது பாதியில் நின்றது. அவர் அதைக் கவனிக்காமல் மேஜையைப் பார்த்துப் பேசிக்கொண்டே போனார். லிஃப்டில் கதவுக்கு ஒரு சத்தம், பாரம் கூடினால் இன்னொரு சத்தம். கண்ணை மூடிக்கொண்டு நின்றால்கூட எது எது என்று சொல்லிவிடலாம். அப்படிப்பட்ட வேலையில் பதினெட்டு வருடம் இருந்தும் அன்றைக்குத் தனக்குப் புத்தி போகவில்லை என்றார்.

“ரெண்டும் ஒரே சத்தமா?” என்று கேட்டாள்.

“அன்னைக்கு அப்படித்தான் இருந்துச்சு. எனக்குத் தெரியல மேடம். தப்பு என்னோடதுதானே?”

“எனக்கும் தெரியல” என்றாள். பதினோரு வருடத்தில் அந்த அலுவலகத்துக்கு வந்த ஒருவரிடம் அவள் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை.

அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு மதிய ஷிஃப்டுக்குப் போய்விட்டார். அவள் ஒரு கார் விற்பனை நிலையத்துக்குப் பேசி, அதே மாடலில் ஒரு பழைய கார் அவர்கள் வளாகத்தில் நிற்பதை உறுதி செய்துகொண்டு, மூன்று மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்தாள். எஞ்சினை ஓடவிட்டுக் கதவைத் திறந்தாள். டிங், டிங். கதவைச் சாத்தி, வண்டியை மெல்ல நகர்த்தி, நிற்பதற்கு முன்பே குமிழைத் திருகினாள். டிங், டிங். இரண்டையும் சேர்த்துச் செய்து பார்த்தாள். கதவு திறந்திருந்தால் எச்சரிக்கை தனியாகக் கேட்கவே இல்லை, ஒரே சத்தம்தான். விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. ஆனால் இறங்குகிறவன் கண் வெளியேதான் இருக்கும்.

கதவைச் சாத்திக்கொண்டுதான் அறுபது தடவையும் பார்த்திருந்தாள். சோதனைத் தாளில் அப்படித்தான் போட்டிருந்தது. அவள் வேலைக்குச் சேருவதற்கு முன்னாலேயே யாரோ எழுதிய தாள். காரிலிருந்து இறங்குகிறவன் கதவைத் திறக்காமல் எப்படி இறங்குவான் என்று அவள் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. அந்த மேட்டில், மருமகன் சுவரோரம் நிற்க, தானே அறுபது டிக் அடித்ததை நினைத்துக்கொண்டு அந்தக் காருக்குள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. விற்பனை நிலையத்து ஆள் வந்து, வண்டி பிடித்திருக்கிறதா என்று கேட்டான்.

மறுநாள் மேலதிகாரியிடம் போனாள். அரசிதழில் வந்தது வந்ததுதான் என்றார் அவர். மனு இல்லாமலே அலுவலகம் தானாக விசாரணை தொடங்கலாமே என்றாள். ஐஸ்பெட்டி சூடாகிறதே என்று அவர் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்துவிட்டு, வெறும் ஒருவர் வாக்குமூலம் போதாது, இன்னும் நாலு பேராவது சொல்லட்டும் என்றார்.

புகார் கொடுத்த ஒன்பது பேரையும் கூப்பிட்டாள். இரண்டு எண்கள் வேலை செய்யவில்லை. ஒருவர் காலமாகிவிட்டார். மீதி ஆறு பேரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டாள்: இறங்கும்போது ஏதாவது சத்தம் கேட்டதா? ஐந்து பேர், கதவுச் சத்தம் மட்டும் கேட்டது என்றார்கள். ஆறாவது, கணுக்கால் உடைந்த பாட்டு டீச்சர் ஒருவர். இரண்டும் ஒரே சுருதி, வேண்டுமானால் பாடிக் காட்டுகிறேன் என்று பாடியே காட்டினார்.

மூன்று வாரத்தில் விசாரணை தொடங்கியது. அதே வாரம் சோதனைத் தாளில் ‘ஓட்டுநர் கதவு திறந்த நிலையில்’ என்று ஒரு வரி சேர்த்து, தன் கையெழுத்தைப் போட்டுச் சுற்றுக்கு அனுப்பினாள். அதன் பிறகு தட்டச்சம்மாவுக்குப் பேசினாள். புதிய தகவல் வந்திருப்பதால் விசாரிக்கிறோம் என்று மட்டும் சொன்னாள்.

“அவர் வந்தது எனக்குத் தெரியும்” என்றார் தட்டச்சம்மா. “அன்னைக்கு ஷிஃப்ட் முடிஞ்சு வந்து என்கிட்டயும் சொல்லிட்டார்.”

“நீங்க என்ன பண்ணினீங்க?” என்று கேட்டாள் பொறியாளர்.

“ரெண்டு நாள் பக்கத்து வீட்ல போய்ப் படுத்துக்கிட்டேன். மூணாம் நாள் வந்தேன். மாப்பிள்ளை, அந்தக் கார் கதவைத் திறந்து காட்டுங்கன்னு சொன்னேன். அவர் தொட மாட்டேன்னார். அப்புறம் அவரே சாவியப் போட்டார். நான் உள்ள உக்காந்து அந்தச் சத்தத்தக் கேட்டேன். நானா இருந்தாலும் இறங்கியிருப்பேன்னுதான் தோணுது மேடம். தோணுதுன்னுதான் சொல்றேன். சத்தியம்லாம் பண்ண மாட்டேன்.”

விசாரணை பதினான்கு மாதம் நடந்தது. கடைசியில் கம்பெனி ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கார்களையும் திரும்ப அழைத்தது. கதவு திறந்து, வண்டி பார்க்கிங்கில் இல்லாமல் இருந்தால், இனி அது தானாகவே பார்க்கிங்குக்குப் போய்விடும்; சத்தத்தையும் மாற்றியிருந்தார்கள். குறையை ஒப்புக்கொள்ளவில்லை, வாடிக்கையாளர் நலன் கருதி என்று அறிவித்தார்கள். வேலை நாற்பது நிமிடம். செலவு இல்லை.

உரிமையாளர்களுக்குக் கடிதம் போனது. அந்த வீட்டுக் கார் மகள் பெயரில் இருந்ததால் கடிதமும் அவள் பெயருக்கே போனது. கூடவே, வேலை முடிந்ததும் நிரப்பி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய அட்டை ஒன்றும் இருந்தது. அட்டைகள் மூட்டையாக வந்துகொண்டிருந்த ஒரு நாள், பொறியாளர் அதைப் பார்த்தாள். பேனாவால் பெரிய எழுத்தில் மருமகன் நிரப்பியிருந்தார். தேதி, வண்டி எண், பணிமனை முத்திரை எல்லாம் சரியாக இருந்தன. உரிமையாளர் கையொப்பம் என்ற கட்டத்தில் மட்டும் கையெழுத்து இல்லை. அங்கே இப்படி எழுதியிருந்தது: உரிமையாளர் இல்லை. அவள் அம்மாவும் நானும் கொண்டுபோய்க் காட்டினோம்.

கட்டம் சரியாக நிரப்பப்படாத அட்டைகளைத் திருப்பி அனுப்புவது வழக்கம். அவள் அதைத் திருப்பி அனுப்பவில்லை. வரவு முத்திரை குத்தி, கோப்பில் சேர்த்தாள்.