பென்சிலில் இருந்த வரி

வீட்டிலிருந்த எல்லோரும் டேப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். டேப் ரிப்பேர்க்காரரின் சட்டைப் பையில் இருந்தது.

நேற்று ஆஸ்பத்திரியில் இறந்துபோன மனைவியின் பொருட்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். கண்ணாடி, செருப்பு, சீப்பு, அவற்றோடு அந்தப் பத்தடி இரும்பு டேப். நெஞ்சுவலி என்று கொண்டுபோய்ப் படுக்க வைத்த மூன்று நாளில் அவள் கட்டிலையும் ஜன்னலையும் அளந்து முடித்துவிட்டதாக நர்ஸ் சொன்னாள். மற்றதை மகளிடம் கொடுத்துவிட்டு இதை மட்டும் அவர் வைத்துக்கொண்டார். இப்போது எடுத்துக் கொடுக்க மனம் வரவில்லை. கொடுத்தால் கை மாறிக் கை மாறி எங்கேயாவது போய்விடும்.

"பெட்டி ரெண்டடி அகலம். ரெண்டு பக்கமும் பிடிக்கிற கைக்கு இடம் வேணும். இந்த வாசல்ல வருமான்னு பார்த்துக்கணும்," என்றார் தச்சர். எதிர் வரிசைக்காரர்; சவப்பெட்டியை அவரே விடிய விடிய உட்கார்ந்து செய்திருந்தார். "தூக்கிட்டு வந்து நடுவுல மாட்டிக்கிட்டா அக்காவுக்கே பிடிக்காது."

"அம்மா நோட்டுல இருக்குமே," என்றாள் மகள்.

தையல்காரர் தச்சரை ஓரக்கண்ணால் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் ரிப்பேர்க்காரருக்குத் தெரியும். காலையிலிருந்து அதே பார்வைதான் வீட்டுக்குள் சுற்றி வந்துகொண்டிருந்தது.

தையல்காரர் தெருச் சங்கத்தின் தலைவர். பெயருக்குத்தான் தலைவர். பதினோரு வருடமாகச் சங்கத்தை இழுத்துக்கொண்டு போனவள் ரிப்பேர்க்காரரின் மனைவிதான், சங்கத்தின் செயலாளர். தெருவே அவளை அக்கா என்றது. அந்த முறையில் இவர் தெருவுக்கே மாமா ஆனார். நூற்றைம்பது வருடத்துச் சுண்ணாம்புச் சுவர்களும் வளைவு ஜன்னல்களுமாக நாற்பத்தொரு வீடுகள். முகப்பை யாரும் இடிக்கமாட்டோம் என்று நாற்பத்தொரு வீட்டுக்காரரும் எழுதிக் கொடுத்தால் தெரு பாதுகாப்புப் பட்டியலில் சேரும். சாக்கடைக்கு மூடி வரும், நடைபாதை வரும், தலைக்கு மேல் தொங்கும் மின்கம்பிகள் தரைக்கடியில் போகும். ஒரு வீடு விட்டுப்போனாலும் கிடையாது. நோட்டை நகராட்சியில் கொடுக்க இன்று மாலை நான்கு மணி கடைசி.

நாற்பது வீடு முடிந்துவிட்டது. மிச்சமிருந்தது பதினேழாம் எண், செயலாளர் அம்மாவின் சொந்த வீடு.

வேலையில் இருந்தவரை அவள் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்தவள். அங்கே முதலில் பென்சில், சரிபார்த்த பிறகு அதன் மேல் மை. ஓய்வு பெற்றதும் அந்தப் பழக்கத்தை அப்படியே தெருவுக்குள் கொண்டுவந்துவிட்டாள். பெரிய நோட்டு ஒன்று, வீட்டுக்கு ஒரு பக்கம். அளந்ததை மையில் எழுதுவாள். வீட்டுக்காரர் செய்வதாகச் சொன்னதைப் பென்சிலில் எழுதுவாள். யாரோடும் வாக்குவாதம் கிடையாது. "சரி, இப்போதைக்குப் பென்சில்ல எழுதிக்கட்டுமா?" என்பாள். பென்சில்தானே, அழித்துக்கொள்ளலாம் என்று அவர்களும் தலையாட்டிவிடுவார்கள். பிறகுதான் வினை. வாரம் தவறாமல் வாசலில் போய்ச் சிரித்துக்கொண்டு நிற்பாள். மாடித் தண்ணீரைத் தெருவில் விட்டுக்கொண்டிருந்த டாக்டர் வீட்டுக்குப் பதினான்கு தடவை போனாள். பதினைந்தாம் தடவை டாக்டரே பேனாவும் கையுமாக வெளியே வந்தார். வாக்குக் கொடுத்தவர் கையாலேயே அந்தப் பென்சில் எழுத்தின் மேல் மை ஓட்ட வேண்டும் என்பது அவள் வைத்த சட்டம்.

தெருவில் அது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. பையனுக்குப் பெண் பார்த்தாயிற்றா என்று கேட்டால், "இன்னும் பென்சில்லதான் இருக்கு" என்பார்கள். வேலை கிடைத்தவன், "மை போட்டாச்சு!" என்று கத்திக்கொண்டு வருவான்.

ரிப்பேர்க்காரர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. ஃபேன், அயர்ன் பாக்ஸ், வாஷிங் மெஷின் பழுதுபார்க்கிறவருக்குப் பட்டறை பின்கட்டில் இருந்தது. வருகிறவர்கள் மெஷினைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் புகுந்து போக வேண்டும். அவருக்கோ முட்டி தேய்ந்துபோயிற்று. முன்சுவரை இடித்து ஒரு ஷட்டர் போட்டால் தெருவிலிருந்தே ஏற்றி இறக்கலாம். நான்கு வருடம் முன்பு இதைச் சொன்னபோது, "அந்தச் சுவரையா?" என்று மட்டும் கேட்டாள்.

"நாப்பது வீட்டைக் கட்டி மேய்க்கிறியே, இந்த ஒரு வீட்டையாவது எனக்கு விட்டுடு!" என்று கத்திவிட்டார்.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஊரையே மடக்கியவளை மடக்கிவிட்டோம் என்று அவருக்கு உள்ளூரக் குஷி. ஷட்டரும் வந்து ஆறு மாதமாகப் பின்வாசலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு கிடந்தது. அடுத்த மாதம் கொத்தனார் வருவதாக ஏற்பாடு. தினமும் அதைச் சுற்றிக்கொண்டுதான் அவள் துணி காயப்போடப் போனாள். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மகள் நோட்டைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். "பதினேழாம் நம்பர் பாருங்கப்பா. வாசல் அகலம் இருக்கும்."

அந்த நோட்டை அவர் திறப்பது இதுதான் முதல் தடவை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். எல்லாப் பக்கத்திலும் அவளுடைய அச்சடித்த மாதிரியான எழுத்து. அதன் மேல் வேறு வேறு கைகள். டாக்டரின் பேனா கோணலாக ஓடியிருந்தது. தையல்காரர் விட்டு விட்டுத் தையல் போட்டதுபோல் எழுதியிருந்தார். கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்த ஒரு கிழவர், மூன்று வரியையும் எழுத்தெழுத்தாக மையால் இழுத்து முடித்திருந்தார். அதற்கு எத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாளோ. 'சங்கத்துக்குப் போறேன்' என்று அவள் செருப்பை மாட்டும்போதெல்லாம் இவர் தலையைக்கூட நிமிர்த்தியதில்லை. எவ்வளவு பெரிய காரியம் செய்திருக்கிறாள் இவள் என்று இப்போது பெருமையாக இருந்தது. ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம்.

பதினேழாம் பக்கம் வந்தது. வாசல் மூன்றடி இரண்டு அங்குலம். சுவர்க் கனம் இருபத்திரண்டு அங்குலம். ஜன்னல் மூன்று. கண்ணாடி முப்பத்தாறு, அதில் ஒன்று விரிசல், மகள் சிறுவயதில் பந்தடித்தது. எல்லாம் மையில். கீழே ஒரே ஒரு வரி பென்சிலில் இருந்தது.

'முன்சுவரை இடிக்கமாட்டார்.'

பக்கத்தில் தேதி. அவர் கத்தியதற்கு மறுநாள். மங்கும்போதெல்லாம் அதன் மேலேயே பென்சிலை ஓட்டியிருக்கிறாள். தாளில் எழுத்து பள்ளமாகவே விழுந்திருந்தது.

அவர் மறுபடி மற்றப் பக்கங்களைப் பார்த்தார். 'குழாயை மாற்றுவதாகச் சொன்னார்.' 'முகப்பை விட்டுவைப்பதாகச் சொன்னார்.' எல்லாம் 'சொன்னார்' என்றுதான் முடிந்தன. இந்தப் பக்கத்தில் மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை. நாற்பது வீட்டிலும் கேட்டுக் கேட்டு எழுதியவள், தன் வீட்டில் கேட்காமலே எழுதிவிட்டாள். பதினோரு வருடத்தில் அந்த நோட்டில் அவள் செய்த ஒரே தப்பு அது.

"மூணடி ரெண்டு அங்குலம்," என்றார்.

"அப்ப தாராளமா போகும் மாமா," என்றார் தச்சர்.

நோட்டை அவர் மூடவில்லை. "நாலு மணிக்குள்ள கொடுக்கணும், இல்ல?"

தையல்காரர் பதறிப்போனார். "ஐயோ, அதையெல்லாம் இப்ப எதுக்கு மாமா பேசிக்கிட்டு? வேற தேதி கேட்டுக்கலாம்."

"கொடுப்பாங்களா?"

தையல்காரர் தன் சட்டைக் கையில் நீட்டிக்கொண்டிருந்த நூலைச் சுருட்டினார். "ஏற்கெனவே ரெண்டு தடவை தள்ளிட்டாங்க. அதுவும் அக்கா போய்ப் பேசினதாலதான்."

"பேனா கொடுங்க."

மூன்று பேர் கை சட்டைப் பைக்குப் போயிற்று. மகள் அவர் பக்கத்தில் வந்து குனிந்தாள். "அப்பா, இப்ப இருக்கற மனசுல எதையும் செய்யாதீங்க. அம்மா போயிட்டாங்கங்கறதுக்காகச் செஞ்சுட்டு, அப்புறம் ஷட்டர் கிடக்குதேன்னு புலம்புவீங்க."

"புலம்பத்தான் செய்வேன். உங்கம்மாவுக்குத் தெரியாததா?" என்றவர், அந்த வரியைக் காட்டினார். மகள் படித்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தலைமுடி அளவுக் கம்பியைக்கூட ஈயம் சிந்தாமல் பற்றவைக்கிற கை அது. முதல் எழுத்தின் மேல் பேனாவை வைத்தார். பள்ளம் விழுந்திருந்ததால் பேனா தானாக வழி கண்டுகொண்டு போயிற்று. 'இடிக்க' வரை சரியாக வந்தது. 'மாட்டார்' என்பதில் பள்ளத்தை விட்டு வெளியே போய்விட்டது. அப்படிக் கத்தியவரைப் பற்றியும் அவள் 'மாட்டான்' என்று எழுதாமல் மரியாதையாக 'மாட்டார்' என்று எழுதியிருப்பதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. கீழே கையெழுத்துப் போட்டார்.

"மை போட்டாச்சு," என்றார் தையல்காரர் மெதுவாக, யாரிடமென்று இல்லாமல்.

வெளியே பெட்டியைக் கொண்டுவந்து இறக்குகிற சத்தம் கேட்டது. ரிப்பேர்க்காரர் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மை காயட்டும் என்று நோட்டைத் திறந்தபடியே முன்ஜன்னலின் மாடத்தில் வைத்தார். இருபத்திரண்டு அங்குலச் சுவர். நோட்டு முழுதாக உட்கார்ந்தும் இடம் மிச்சமிருந்தது. தெருக்காற்றில் தாள் படபடத்தது. சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்துப் பக்கத்தின் ஓரத்தில் வைத்தார்.

எல்லோரும் அந்த டேப்பைப் பார்த்தார்கள். அவர் பெட்டியின் தலைமாட்டைப் பிடிக்கப் போனார்.