சப்வூஃபரும் மச்சானின் சட்டையும்

இடுப்பு கழன்று கையோடு வந்துவிடும் போல இருந்தது. டிரம்மின் அடிச்சத்தத்தைக் கொடுக்கும் எங்கள் சப்வூஃபர் பெட்டி பாதிக் கட்டில் அளவு. எடை, அந்தக் கட்டிலில் என் அக்காவும் மச்சானும் ஏறி உட்கார்ந்த மாதிரி. அதை மேடை நடுவிலிருந்து இடது மூலைக்கு, அங்கிருந்து வலது மூலைக்கு, அங்கிருந்து படிக்கட்டுப் பக்கம் என்று மூன்று தடவை மாற்றிவிட்டேன். மச்சான் அரங்கத்தின் நடுவில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் முன்னால் உட்கார்ந்து விரலால் இடம் காட்டிக்கொண்டிருந்தார்.

"அடி வரலை மாப்ள. இன்னும் கொஞ்சம் தள்ளு."

"அடி வருதோ இல்லையோ, எனக்கு உயிர் போயிடும் மச்சான்."

விஷயம் இதுதான். மேலே இருக்கும் பெரிய ஸ்பீக்கரின் சத்தமும் கீழே சப்வூஃபரின் சத்தமும் ஒன்றாக வந்து சேர வேண்டும். ஒன்று காற்றைத் தள்ளும்போது இன்னொன்று இழுத்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். டிரம்மை மிதித்தால் தகர டப்பாவைத் தட்டின மாதிரி கேட்கும்.

மச்சான் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். ஒரு பட்டனை அமுக்கி சப்வூஃபரின் சத்தத்தை வேண்டுமென்றே தலைகீழாக்குவார்; தள்ள வேண்டிய நேரத்தில் அது இழுக்கும். ஒரே சுருதியில் ஒரு முனகலை ஓடவிட்டு, பெரிய ஸ்பீக்கரைத் துளித்துளியாகத் தாமதப்படுத்துவார். சத்தம் எங்கே அடியோடு சாகிறதோ அதுதான் சரியான அளவு. பிறகு பட்டனை மறுபடி அமுக்கினால் செத்தது எழுந்து இடிக்கும்.

அன்றும் சாகடித்தார். "செத்துச்சு பார்!" என்று அவர் குதித்த நேரத்தில் அரங்கத்து மேனேஜர் அம்மா உள்ளே வந்தார். மச்சான் வியர்வைக்காகக் கழற்றிப் போட்டிருந்த சட்டையை அவசரமாக மாட்டிக்கொண்டு வணக்கம் சொல்ல ஓடினார். அதற்குப் பிறகு டிரம்காரர் வந்து மிதித்தபோதுதான் அடி காணாமல் போனது தெரிந்தது.

சத்தம் பிடித்துப்போனால் இந்த அரங்கத்து வேலை நிரந்தரமாக எங்களுக்கு, பெட்டிகளும் இங்கேயே இருக்கலாம் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். மச்சானுக்கு அது பிழைப்பு. எனக்கு இடுப்பு. மூன்றாவது இடத்திலும் அடி வராமல் போகவே அந்த அம்மா கேட்டுவிட்டார்.

"என்னப்பா, டிரம்காரர் மிதிச்சுக்கிட்டே இருக்கார், நெஞ்சுக்கு ஒண்ணும் வரலையே. பழைய சவுண்டு ஆளையே கூப்பிட்டுக்கவா?"

"பெட்டி இடம்தான் மேடம் சரியில்லை. இவன் ஒரு சோம்பேறி."

வாயில் வந்ததை அக்காவுக்காக விழுங்கினேன்.

அந்த அம்மா மச்சானை மேலும் கீழும் பார்த்தார். "முதல்ல சட்டையை ஒழுங்காப் போடுங்க. தையலெல்லாம் வெளியே தெரியுது."

மச்சான் குனிந்து பார்த்தார். கழற்றினார். உள்ளே கையை விட்டுப் புரட்டியவர் பாதியில் அப்படியே நின்றார். வாய் திறந்தது. வெற்றுடம்போடு மிக்சருக்கு ஓடி, சட்டை மாட்டிய அவசரத்தில் மறுபடி அமுக்க மறந்த பட்டனை அமுக்கினார்.

டிரம்காரர் மிதித்தார். இடித்தது. ஆனால் அரைகுறையாக.

"பெட்டி பழைய இடத்துக்கே போகணும் மாப்ள," என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "அங்க வெச்சுத்தானே அளவு எடுத்தேன்."

"அப்போ மூணு தடவை நான் தூக்கினது?"

"உடம்புக்கு நல்லது."

"ஒரு பக்கம் நீங்க பிடிங்க. இல்லைன்னா பட்டன் கதையை மேடம்கிட்ட சொல்லிடுவேன்."

பிடித்தார். கொஞ்ச தூரம் போவதற்குள் வலி தாங்காமல், வீட்டிலிருக்கும் என் அக்காவைக் கூப்பிட்டுக் கத்தினார். மேடை நடுவில் இறக்கி வைத்ததும் டிரம்காரர் மிதித்த மிதியில் நாற்காலிகள் அதிர்ந்தன. மேனேஜர் அம்மா நெஞ்சில் கை வைத்துச் சிரித்தார்.

"பெட்டியெல்லாம் இங்கேயே கிடக்கட்டும்."

"மச்சினன் கண்ட இடத்துல வெச்சுட்டான் மேடம், அதான் தாமதம்," என்று மச்சான் பழியையும் என் தலையில் கட்டினார். அது போகட்டும். சும்மா தூக்கவைத்தது மூன்று தடவை. ஒரு பக்கம் பிடித்ததில் அரைத் தூக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்னும் இரண்டரைத் தூக்கு எனக்குத் தர வேண்டும்.