ஹெட் ஆபீஸுக்கு ஒருநாள் விடுமுறை

வீட்டில் அவளுக்கு ஹெட் ஆபீஸ் என்று பெயர். வைத்தவர் கணவர். மாமியார் எந்த மாத்திரையை எப்போது போடுவது, மகள் எந்தச் செருப்பில் பள்ளிக்குப் போவது, பக்கத்துத் தெருவில் இருக்கும் தம்பி தாடி வைக்கலாமா எடுத்துவிடலாமா, எல்லாம் அவளிடம் வந்து அனுமதி வாங்கித்தான் நடக்கும். இதில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான், பொய் சொல்வானேன்.

வெளியிலும் அதே பிழைப்பு. பஸ் டிப்போவில் கன்ட்ரோலர். எதிரே நான்கு திரைகள், காதில் ஒரு ஹெட்போன். எந்த வண்டி எங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறது, எந்த டிரைவர் இன்னும் சாப்பிடப் போகவில்லை, எந்தத் தெருவைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், யாரை எந்த வழியில் திருப்பிவிடுவது என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். உடம்பு நாற்காலியை விட்டு அசையாது. உட்கார்ந்த இடத்தில் சம்பளம், கொடுத்து வைத்தவள் என்று மாமியார் அக்கம்பக்கத்தில் சொல்லி மகிழ்வார்.

விடிந்ததும் ஓடப் போவாள். ஓட்டத்தில் அவள் கெட்டிக்காரி. ஊரிலிருக்கும் ஓட்டப்பந்தய கிளப் ஆண்டுதோறும் ஆறு பெண்களை ஒரு நெடுந்தூரத் தொடர் ஓட்டத்துக்கு அனுப்பும். மூன்று ஆண்டுகளாக அவள் அதில் ஏழாவது ஆள். அதாவது ஆறு பேர் ஓடுவார்கள், இவள் அவர்களுடைய பைகளுக்குக் காவல் இருப்பாள். டிப்போ பாஷையில் ஸ்பேர் டயர். இந்த ஆண்டு ஒரு இடம் காலியானது. அதற்கு இரண்டு பேர் போட்டி, இவளும் ஒரு பாங்க் கேஷியரும். தொடர் ஓட்டம் சாயங்காலம் நடப்பது என்பதால் தேர்வு ஓட்டத்தையும் கோச் சாயங்காலமே வைத்தாள்.

தேர்வு ஓட்டம் நடந்த சனிக்கிழமை ஹெட் ஆபீஸ் டிப்போவுக்கு லீவு போட்டாள். இரண்டு தலையணைகளின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்தாள். கால் ஓய்வெடுத்தது. வாய் எடுக்கவில்லை. மாமியாரின் கிளினிக் தேதியை மாற்றினாள். மகளின் சுற்றுலாவுக்கு என்னென்ன எடுத்துப்போவது என்று சொன்னாள். ஃபிரிட்ஜ் மெக்கானிக்கான கணவருக்கும் ஒரு வாடிக்கையாளருக்கும் நடந்த சண்டையைத் தீர்த்து வைத்தாள். வீடு மாறப் போகிற தம்பி ஏழெட்டு முறை கூப்பிட்டான். முதல் சம்பளத்தில் அவன் வாங்கிய மர அலமாரி புது வீட்டு அறைக்குள் நுழையாது, டேப் வைத்து அளந்தே பார்த்துவிட்டேன், விற்றுவிடு என்று சொன்னாள். அவன் சுரத்தில்லாமல் சரி என்றான்.

சாயங்காலம் ஓடினாள். கால்பங்கு தூரம் போவதற்குள் தெருவே மேடாகிவிட்டது போலிருந்தது. மூச்சு வாங்கவில்லை, கால் வலிக்கவில்லை, ஆனாலும் ஒவ்வொரு அடியும் மலையாகக் கனத்தது. தினமும் காலையில் இவளுக்குப் பின்னால் வரும் கேஷியர் அன்று முன்னால் போய், திரும்பிக்கூடப் பார்க்காமல் முடித்தாள்.

கோச் அவள் கையிலிருந்த வாட்சை வாங்கிப் பார்த்தாள். அதில் பதிவான இதயத்துடிப்பு நிதானமாகத்தான் இருந்தது.

"உன் இதயம் முழுசா வேலையே செய்யல. ஆனா மூஞ்சியப் பாத்தா மூட்டை தூக்கினவ மாதிரி இருக்கு. காலைல ஓடுறது யாரு, இப்ப ஓடினது யாரு?"

காலை ஓட்டங்களை மனதில் வைத்து, இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை இருவரையும் ஓடவிடுவதாகக் கோச் சொன்னாள். அதிலும் தோற்றால் பை காவல்தான்.

டாக்டரிடம் போனாள். ரத்தத்தில் குறையில்லை, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். அதைக் கேட்டு அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. நோய் என்றாலாவது மருந்து இருக்கும்.

விடை டிப்போவில் கிடைத்தது. நடுச்சாலையில் நின்ற ஒரு வண்டி கிளம்ப மாட்டேன் என்கிறது என்று டிரைவர் ரேடியோவில் புலம்பினார். டேங்க் நிறைய டீசல் இருக்கிறது, எஞ்சின் புத்தம் புதுசு என்றார். எஞ்சினை அணைத்து நிறுத்தியிருந்தபோது விளக்கும் ஃபேனும் ஓடினவா என்று இவள் கேட்டாள். ஓடின, ஆனால் வண்டிதான் நின்றுகொண்டிருந்ததே என்று அவர் சொன்னார்.

"வண்டி நின்னா என்ன சார், பேட்டரி நிக்கலையே" என்றவளுக்கு, கால்களை மட்டும் நிறுத்திவிட்டு நாள் முழுக்க வாயை ஓடவிட்ட அந்தச் சனிக்கிழமை நினைவுக்கு வந்தது. பிறகு சிரித்தாள். பக்கத்துத் திரைக்காரர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்.

அடுத்த தேர்வுக்கு முந்தின நாள் வீட்டில் அறிவித்தாள். நாளை சாயங்காலம் ஓடி முடிக்கும்வரை ஹெட் ஆபீஸ் மூடல். எதையும் கேட்கக் கூடாது, கேட்டாலும் பதில் கிடைக்காது. போன் கணவரிடம். மகள் குதூகலித்தாள். மாமியார் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஓடுவதற்குக் கால் போதாதா, வாயையும் கட்ட வேண்டுமா என்று கேட்டார்.

மறுநாள் அவள் பட்ட பாடு யாருக்கும் வரக் கூடாது. மகள் நல்ல சட்டைக்குப் பொருந்தாத பாவாடையைப் போட்டுக்கொண்டு கண்ணெதிரே போனாள். மாமியார் சாப்பாட்டுக்கு முந்தின மாத்திரையைத் தேடிச் சமையலறையையே தலைகீழாக்கினார், கடைசியில் தானே கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டார். இவள் ஜன்னலைப் பார்த்தபடி படுத்திருந்தாள். அன்றுதான் தம்பி வீடு மாறும் நாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவன் அலமாரியை இன்னும் விற்கவில்லை என்று பேச்சிலிருந்து தெரிந்தது.

கணவர் போனில் சொன்னார். "போகும்டா. நீ வண்டியில ஏத்து. நான் வரேன்."

போகாது. அவள் அளந்திருக்கிறாள். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து, மாடி ஏறி, வாசலில் முட்டிக்கொண்டு நிற்கப் போகிறார்கள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு டூல்ஸ் பையை எடுத்தபோது, இவளைப் பார்த்து ஒரு கணம் நின்றார். அவள் போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டாள். எக்கேடு கெட்டும் போகட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லி அவளுக்குப் பழக்கமே இல்லை. நினைத்ததைவிடச் சுகமாக இருந்தது, கொஞ்ச நேரத்தில் தூங்கியும் போனாள்.

சாயங்காலம் கேஷியர் முதலிலேயே வேகம் எடுத்தாள். இவள் அவள் முதுகுக்குப் பின்னால் நிதானமாக ஓடினாள். கால்பங்கு தூரம் வந்தது. மேடு வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. பாதி தூரம் வந்தது, தெரு தெருவாகவே இருந்தது. மூச்சு வாங்கத்தான் செய்தது, தொடை எரியத்தான் செய்தது. ஆனால் அது நியாயமான வலி, ஓடுகிறவளுக்கு வரவேண்டிய வலி. அவளுக்குச் சந்தோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பூங்கா மதிலோரத் திருப்பத்தில் கேஷியரைத் தாண்டினாள். பின்னால் காலடிச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது.

கோச் வாட்சைப் பார்த்தாள். இந்த முறை இதயம் முழுசாக வேலை செய்திருந்தது. "இனிமே உன் பைய வேற யாராவது பாத்துக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

ஓடின ஷூவோடு நேராகத் தம்பியின் புது வீட்டுக்குப் போனாள். செய்தி சொல்ல வேண்டும், அலமாரி விஷயத்தில் நாலு வார்த்தை கேட்கவும் வேண்டும். மாடியில் அறைக்கதவு கழற்றிச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. உள்ளே, அறையின் நட்டநடுவில், அலமாரி கம்பீரமாக நின்றது. கணவர் கதவுக் கீலை மறுபடி முடுக்கிக்கொண்டிருந்தார்.

அவள் கதவையும் அலமாரியையும் மாறி மாறிப் பார்த்தாள். திறந்த கதவு அடைத்துக்கொள்கிற இடம் போக மீதி வழியை அளந்தவள், கதவைக் கழற்றலாம் என்று யோசிக்கவே இல்லை.

"பெரிய ஃபிரிட்ஜெல்லாம் சின்ன வீட்டுக்குள்ள எப்படிப் போகுதுன்னு நெனச்ச?" என்றார் அவர், ஸ்க்ரூவிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீ கேட்டதே இல்ல."

குத்தலாகச் சொல்லவில்லை. ஆனாலும் அவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை ஆண்டுகளில் இந்த மனிதரிடம் ஒரு யோசனை கேட்டதில்லை. தானே சுமந்தால்தான் நடக்கும் என்று எல்லாவற்றையும் சுமந்துகொண்டு, தெரு மேடாக இருக்கிறது என்று டாக்டர்வரை போயிருக்கிறாள்.

ஜெயித்ததைச் சொன்னாள். அவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, வியர்வையோடு இருந்தவளைத் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். தம்பிக்கும் வாய் காதுவரை போனது. பிறகு பழக்க தோஷத்தில் கேட்டான்.

"ஆபீஸ் தொறந்தாச்சுல்ல? சொல்லுக்கா, இத எந்தச் சுவத்தோரம் வைக்கட்டும்?"

ஜன்னலுக்கு எதிர்ச்சுவர்தான் சரி. உள்ளே வந்த உடனே அவள் கண் அதைக் கணக்குப் போட்டுவிட்டது.

"வீடு உன்னுது, அலமாரியும் உன்னுது" என்றாள். "உனக்கு எங்க பிடிக்குதோ அங்க வைடா."

அவன் திருதிருவென விழித்தான். ஒவ்வொரு சுவராகப் பார்த்தான். கடைசியில் கதவுக்குப் பக்கத்துச் சுவரைக் காட்டினான். சுத்தத் தப்பான இடம். அவள் அலமாரியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, தூக்கு என்றாள்.