பிரித்ததைப் பார்க்கவில்லை

பாப்பா அழுகிற சத்தம் கேட்டதுமே செந்தமிழ்ச்செல்விக்கு மார்பு கட்டிக்கொண்டு வலித்தது. ஜாக்கெட் நனைந்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள். புருஷன் மதிவாணன் பால்பவுடரைக் கலக்கிப் பாட்டிலைக் குழந்தையின் வாயில் வைத்தான். அது துப்பிவிட்டு அம்மா இருந்த பக்கமே பார்த்து வீறிட்டது.

மாத்திரை சாப்பிடுவதால் பால் கொடுக்கக் கூடாதென்று டாக்டர் சொன்னதாக அவனிடம் சொல்லியிருந்தாள். பொய்.

போன வாரம், தட்டாஞ்சாவடியில் அவள் வேலை செய்யும் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் தகரம் கையைக் கிழித்துவிட்டது. ரெட்டியார்பாளையத்தில் ஒரு சின்ன கிளினிக்குக்குப் போனாள். நர்ஸ் திரைக்குப் பின்னாலிருந்து, மருந்து ஏற்றிய ஊசியோடு வந்தாள். ஊசியின் உறையைப் பிரித்ததை இவள் பார்க்கவில்லை. இவளுக்கு முன்னால் போட்டுக்கொண்டவர் எலும்பும் தோலுமாக, இடுப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டே வெளியே போனார். வீட்டுக்கு வந்து படுத்தபோதுதான் அவர் முகம் மனதில் வந்து நின்றது. அப்புறம் போகவே இல்லை. செல்போனில் தேடத் தேட எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை என்று ஒவ்வொன்றாக வந்தது. திரும்பிப் போய்க் கேட்டாள். "எல்லாருக்கும் புதுசுதாம்மா போடுறோம்" என்றாள் நர்ஸ், தலையை நிமிர்த்தாமல். நிமிர்ந்து சொல்லியிருந்தால் நம்பியிருப்பாளோ என்னவோ. அன்றிலிருந்து குழந்தைக்குப் பால் இல்லை. புருஷன் பக்கத்தில் படுக்கவும் இல்லை.

குழந்தை அழுது ஓய்ந்ததும் மதிவாணன் அவளெதிரே வந்து உட்கார்ந்தான்.

"அந்த கிளினிக் டாக்டர பாத்துட்டு வந்துட்டேன். பால் குடுக்க வேணாம்னு சொல்லவே இல்லன்றாரு. எத மறைக்கிற?"

சுவரைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். திட்டுவான், இல்லை சிரிப்பான் என்று காத்திருந்தாள். அவன் எழுந்தான். குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

"கெளம்பு. பெரியாஸ்பத்திரிக்குப் போலாம்."

அங்கே டாக்டரம்மா முழுக்கக் கேட்டார். "அப்படி நடந்திருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவும்மா. இப்ப ரத்தம் பாப்போம். கொஞ்ச நாள் கழிச்சு இன்னொரு தடவ பாத்துட்டா முழுசா நிம்மதி. புள்ளைக்குத் தாராளமா பால் குடு."

இவள் தலையாட்டினாள். காதில் விழுந்ததெல்லாம் 'இன்னொரு தடவ' மட்டும்தான்.

ரத்தம் எடுக்கும் இடத்தில் கையை நீட்டாமல் மடக்கிக்கொண்டாள். "பிரிக்கறத நான் பாக்கணும்." அங்கிருந்த பெண் முகம் சுளிக்கவில்லை. உறையை இவள் கண்ணுக்கு நேராகப் பிடித்துக் கிழித்தாள். ஊசி இறங்கியது. கறுத்த ரத்தம் குழாயில் ஏறியது.

எழுந்தபோது ஊசி குத்திய இடத்தில் வைத்த பஞ்சு நழுவியது. மதிவாணன் சட்டென்று எட்டிக் கட்டை விரலால் அதை அழுத்தினான்.

"கைய எடுங்க. ரத்தம் பட்டுடும்."

"படட்டும்."

அவள் கையை இழுத்துப் பார்த்தாள். அவன் விடவில்லை. பஞ்சில் சிவப்பு மெல்லப் பரவி அவன் நகத்தின் ஓரம்வரை வந்தது. தோளில் கிடந்த குழந்தை அவள் பக்கம் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டிருந்தது.